செய்தித்தாளும் சட்டமன்றமும்

மக்கள் ஆட்சிக்குச் செய்தித்தாள் செவி, சட்டமன்றம் வாய். நாட்டில் நிகழ்வனவற்றை மக்கள் அறிந்துகொள்வது செய்தித்தாளின் வாயிலாக. மக்களின் விருப்பம் சட்டமாக உருப்பெறுவது மன்றத்தின் வாயிலாக. செய்தியை அறியாத மக்கள் தம் விருப்பத்தை உணர்ந்து கூற இயலாது. மக்களின் விருப்பத்தை உணராத ஆட்சி மக்கள் ஆட்சி ஆகாது. ஆதலின், இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. இவ்விரு துறைகளிலும் ஒருங்கே உழைத்தவர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. அவருள் ஒருவர் 'தினத்தந்தி' நாளிதழை நிறுவிய சி. பா. ஆதித்தனார்.

செய்தி ஓர் ஊரைச் சென்றடைவது எளிய செயலன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலையை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடப்பது அம்மலை. சாமையும் தேனும் புளியும் அதன் செல்வங்கள். மலையாளி எனப்படும் பழங்குடியினர் அங்குச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரள நாட்டார் எனக் கருதலாகாது. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் அப்பெயருக்குரிய அவர்கள் பேசுவது தமிழே. ஊருக்கும் ஊருக்கும் இடையே காடும் பள்ளமும் கிடக்கின்றன. சென்னையில் இயற்றப்படும் காட்டுச் சட்டமோ நிலச் சட்டமோ அம்மக்களின் வாழ்வை நேரே தொடும். ஆயினும், அச்சட்டத்தைப் பற்றிய செய்தி அவர்களை எட்டுவதற்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று வழியின் தொலைவு. மற்றொன்று மொழியின் தொலைவு. வழியின் தொலைவைச் சாலைகள் போக்கும். மொழியின் தொலைவைப் போக்குவது எது?

இவ்வினா ஒரு மலைக்கு மட்டும் உரியதன்று. 1951ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்திய நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெண்மர் அளவினரே. ஏனையோர் பிறர் படிக்கக் கேட்டே செய்தி அறிந்தனர். தேநீர்க் கடையின் பலகையிலும் ஆலமரத்தின் அடியிலும் ஒருவர் படிப்பார். பலர் சூழ்ந்து நின்று கேட்பர். படிப்பவரும் கற்றுத் தேர்ந்த புலவர் அல்லர். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அக்காலத்து இதழ்கள் பலவற்றின் நடையோ கற்றோர்க்கே உரியதாய் இருந்தது. வடசொற்களும் நீண்ட தொடர்களும் மிகுந்திருந்தன. எழுத்துக் கூட்டிப் படிப்பவர் தொடரின் முடிவை அடைவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்திருப்பார். அவருக்காக எழுதப்படும் செய்தித்தாள் ஒன்று வேண்டும் என்று எண்ணி, எண்ணியதைச் செய்தும் காட்டியவர் ஆதித்தனார்.

இதழ் நடத்தியவர் பொதுவாழ்வில் புகுவது தமிழகத்திற்குப் புதிதன்று. திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882ஆம் ஆண்டில் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கினார். 1885ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய முதற் காங்கிரசு மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. திரு. வி. கலியாணசுந்தரனார் 'தேசபக்தன்', 'நவசக்தி' என்னும் இதழ்களை நடத்திக்கொண்டே தொழிலாளர் இயக்கத்தை வளர்த்தார். அன்றைய சேலம் மாவட்டத்து இராசிபுரத்தைச் சேர்ந்த பி. வரதராசுலு நாயுடு 'தமிழ்நாடு' இதழை நடத்திக்கொண்டே காங்கிரசுப் பேரியக்கத்தில் முன்னணியில் நின்றார்.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு உண்டு. கனடா நாட்டின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் ஜோசப் ஹோ என்பவர் ஒரு செய்தித்தாளின் உரிமையாளராய் விளங்கினார். ஊராட்சியை நடத்திய நடுவர்களின் முறைகேட்டைத் தம் இதழில் வெளியிட்டமைக்காக 1835ஆம் ஆண்டில் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர் தமக்காகத் தாமே வாதாடி விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டே மக்கள் அவரை மாகாணச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். பிற்காலத்தில் அவர் அம்மாகாணத்தின் முதல்வராகவும் ஆனார். ஊர்க் குறையை எழுதத் தொடங்கிய எழுதுகோல், மாகாணத்தின் ஆட்சியையே திருத்தும் கருவியாயிற்று. இதழிலிருந்து மன்றத்திற்குச் செல்லும் இவ்வழியிலேதான் ஆதித்தனாரும் நடந்தார்.

ஆதித்தனார் 27-9-1905 அன்று திருச்செந்தூரை அடுத்த காயாமொழி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சிவந்தி ஆதித்தர். தாயார் கனகம் அம்மையார். திருவைகுண்டத்தில் பள்ளிக் கல்வி பயின்றார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் உயர்கல்வி கற்றார். இளமையிலேயே அச்சுத் தொழிலில் அவர் உள்ளம் சென்றது. தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, சோப்பு முதலியவற்றைச் செய்யும் முறைகளை விளக்கும் சிறு நூல்களை அவர் வெளியிட்டார் என்பர். கற்றவர் கற்றவர்க்கென எழுதுவதே பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. உழைத்துப் பிழைக்க விரும்பும் எளியவர்க்குப் பயன்படும் நூல்களை அவர் தேர்ந்தெடுத்தமை, பின்னாளில் அவர் செய்யவிருந்த பணிக்கு முன்னறிவிப்பாய் அமைந்தது.

பின்னர்ச் சட்டம் பயில இலண்டன் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றார். ஆங்கிருந்து தமிழ் இதழ்களுக்குக் கட்டுரைகளும் எழுதினார். இலண்டன் மாநகரில் அவர் கண்ட காட்சிகளுள் ஒன்று அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆங்குத் தொழிலாளரும் வண்டியோட்டுவோரும் செய்தித்தாள் வாங்கிப் படித்தனர். அவர்களுக்கென்றே பெரிய தலைப்புகளும் படங்களும் சிறு தொடர்களும் அமைந்த நாளிதழ்கள் வெளிவந்தன. 'டெய்லி மிர்ரர்' என்னும் இதழ் அவ்வகையில் புகழ் பெற்றது. செய்தித்தாள் மேல்வீட்டு மேசைக்கு மட்டும் உரிய பொருளன்று என்பதை அவர் ஆங்கு நேரில் கண்டார்.

கல்வி முடிந்தபின் சிங்கப்பூரில் வழக்கறிஞராய்ப் பணியாற்றினார். 1933ஆம் ஆண்டில் கோவிந்தம்மாள் என்னும் பெருமாட்டியை மணந்தார். வழக்கறிஞர் தொழிலில் பொருளும் புகழும் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போர் கிழக்காசியாவை வளைத்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூர் சப்பானியர் கைப்பட்டது. அவ்வாண்டில் ஆதித்தனார் தமிழகத்தில் இருந்தார். மீண்டும் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியிருந்தால் அவர் வாழ்வு வளமாகவே கழிந்திருக்கும். அவரோ அவ்வழியை நாடவில்லை. மதுரையில் இதழ் தொடங்கினார். 'தமிழன்' என்னும் வார இதழை முதலில் நடத்தினார். பின்பு 1-11-1942 அன்று 'தந்தி' என்னும் நாளிதழை வெளியிட்டார். அதுவே பின்னர்த் 'தினத்தந்தி' எனப் பெயர் பெற்றது.

அப்பெயரின் பொருத்தம் எண்ணத்தக்கது. தொலைபேசி அரிதாயிருந்த அக்காலத்தில் விரைவின் மறுபெயர் தந்தி. தந்தியின் மற்றொரு பண்பு சுருக்கம். சொல்லுக்குச் சொல் கட்டணம் உண்டாதலின், வேண்டாத சொல் ஒன்றையும் எவரும் தந்தியில் எழுதார். விரைவும் சுருக்கமும் ஒருங்கே அமைந்த அச்சொல்லை அவர் தம் இதழுக்குச் சூட்டினார். இந்திய நாட்டில் அஞ்சல் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது; தந்தியைக் கண்டிராத தலைமுறையும் தோன்றிவிட்டது. அச்சொல்லோ செய்தித்தாளின் பெயராய் இன்றும் வாழ்கின்றது.

போர்க்காலத்தில் நாளிதழ் தொடங்குவது எதிர்நீச்சல் இடுவதை ஒக்கும். அச்சுத்தாள் பெரும்பாலும் கடல் கடந்து வரவேண்டிய பொருள். போரினால் கப்பல்கள் குறைந்தன. தாளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இயந்திரத் தாள் கிடைக்காத நிலையில், வைக்கோலைக் கூழாக்கிக் கையால் தாள் செய்து, வெயிலில் உலர்த்தி, அதிலே அச்சிட்டார் ஆதித்தனார் என்று கூறுவர். அக்கால அச்சுமுறையும் எளியதன்று. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கையால் கோக்க வேண்டும். உயிர்மெய் வரிவடிவங்கள் பல கொண்ட தமிழுக்கு எழுத்துப் பெட்டிகளும் மிகுதி. ஒரு பக்கத்தைக் கோப்பதற்கே பலர் இரவெல்லாம் உழைப்பர். விடியுமுன் தாள்கள் புகைவண்டியிலும் பேருந்திலும் ஏறவேண்டும். நேற்றைய செய்தியை நாளை படிக்க எவரும் விரும்பார் அன்றோ?

இத்தனை இடர்ப்பாடுகளுக்கிடையில் அவர் பெரிதும் கருத்தூன்றியது இதழின் மொழியில். மக்கள் பேசும் மொழியே உயிருள்ள மொழி என்பது அவர் கொள்கை. ஆயின், பேச்சில் கலந்துவரும் கொச்சையை அப்படியே எழுதலாம் என்று அவர் கருதவில்லை. பேச்சின் எளிமையும் எழுத்தின் திருத்தமும் கூடிய நடையை அவர் விரும்பினார். தம் இதழில் பணியாற்றுவோர்க்கு அதனைக் கற்பித்தார். அவ்விதிகளைத் தொகுத்து ஒரு நூலாகவும் எழுதினார். 'இதழாளர் கையேடு' என வழங்கும் அந்நூல், தமிழில் செய்தி எழுதக் கற்போர்க்கு வழிகாட்டியாய் விளங்குகின்றது.

அந்நடையின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். 'மேற்குறித்த ஆணை பிறப்பிக்கப்பட்டதன் விளைவாக நெல் கொள்முதல் செய்யும் பணியானது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படலாயிற்று' என்று ஒருவர் எழுதலாம். 'அரசு ஆணையிட்டது, நெல் வாங்குவது நின்றது' என்றும் எழுதலாம். இரண்டும் கூறும் செய்தி ஒன்றே. முன்னதைக் கேட்ட உழவர், நெல்லைப் பற்றி ஏதோ கூறுகின்றனர் என்ற அளவில் நிற்பார். பின்னதைக் கேட்ட உழவர், தம் வண்டியைக் கட்டுவதா அவிழ்ப்பதா என்று முடிவு செய்வார். எளிய நடையால் விளையும் பயன் இதுவே. அது கேட்போரின் செயலுக்கு உதவுகின்றது.

'தினத்தந்தி' விரைந்து பரவிற்று. மதுரையில் தோன்றிய இதழ், சென்னை முதலிய நகரங்களிலும் பதிப்புகளைக் கண்டது. ஒரே நகரில் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினால் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செய்தி பழையதாகிவிடும். பல நகரங்களில் அச்சிட்டால் அந்தந்த வட்டாரத்துச் செய்தியையும் சேர்த்து வைகறையிலேயே அளிக்கலாம். 1960ஆம் ஆண்டில் 'கன்னித்தீவு' என்னும் படக்கதை அவ்விதழில் தொடங்கிற்று. நாள்தோறும் சில கட்டங்களாய் வந்த அக்கதை பல்லாண்டுகள் தொடர்ந்தது. சிறுவர் அதனைக் காண இதழை எடுத்தனர்; எடுத்தவர் எழுத்துக் கூட்டினர்; எழுத்துக் கூட்டியவர் நாளடைவில் செய்தியையும் படித்தனர். பள்ளியை விட்டு இடையில் நின்றவர்க்கு அவ்விதழ் எழுத்து மறவாமல் காத்த துணையாயிற்று.

இவ்விதழைக் குறைகூறியோரும் இருந்தனர். கொலையும் கொள்ளையும் பெரிய எழுத்துகளில் இடம்பெறுகின்றன என்றனர். ஆழ்ந்த கருத்துகளுக்கு இடம் குறைவு என்றனர். அக்குறையை முற்றும் புறக்கணிப்பது நேர்மையாகாது. மக்கள் விரும்புவதை அளிப்பதும் மக்களுக்கு வேண்டுவதை அளிப்பதும் எப்பொழுதும் ஒன்றாய் அமைவதில்லை. அவ்விரண்டிற்கும் இடையே நடுநிலை காண்பது செய்தித்தாள் நடத்துவோர் ஒவ்வொருவர்க்கும் உள்ள சோதனை. ஆயினும், அதுவரை எந்தச் செய்தித்தாளும் பொருட்படுத்தாத மக்களை வாசகர் ஆக்கிய பெருமை அவ்விதழுக்கு உண்டு என்பதனைக் குறைகூறியோரும் மறுக்கவில்லை.

மக்களின் மொழியில் மக்களுக்கு எழுதியவரை அம்மக்களின் அரசியல் ஈர்த்தது இயல்பே. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மாகாணச் சட்டமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை அனைவர்க்கும் இருந்ததில்லை. சொத்தோ, வரி செலுத்தும் தகுதியோ, கல்வியோ உடையவர்க்கே அவ்வுரிமை இருந்தது. 1942ஆம் ஆண்டிலேயே தமிழ் இராச்சியக் கட்சியைத் தொடங்கிய ஆதித்தனார், நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினர் ஆனார். பின்னர் இந்தியக் குடியரசின் அரசமைப்பு, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கிற்று. 1989ஆம் ஆண்டில் அவ்வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது.

1951ஆம் ஆண்டின் இறுதியிலும் 1952ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் முதற் பொதுத் தேர்தல் நடைபெற்றது. எழுத்தறியாதவர் எவ்வாறு வாக்களிப்பது? அதன்பொருட்டு ஒவ்வொரு வேட்பாளர்க்கும் ஒரு சின்னம் வழங்கப்பட்டது. அச்சின்னம் பொறித்த தனித்தனிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. சமவெளியின் உழவரும் கடற்கரையின் மீனவரும் ஜவ்வாது மலை போன்ற மலைகளில் வாழும் பழங்குடியினரும் செல்வரோடு ஒப்ப ஒரு வாக்குப் பெற்றனர். வாக்கு வந்துவிட்டது; அவ்வாக்கை அறிந்து அளிப்பதற்கு வேண்டிய செய்தி வரவேண்டும். செய்தித்தாளின் கடமை அன்று இருமடங்கு ஆயிற்று. அத்தேர்தலில் ஆதித்தனார் தம் சொந்த வட்டாரமாகிய திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து சட்டப்பேரவைக்குச் சென்றார். 1957ஆம் ஆண்டில் சாத்தான்குளம் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது.

அவர் நுழைந்த பேரவை இன்றைய பேரவையைப் போன்றதன்று. அதில் 375 உறுப்பினர் இருந்தனர். தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் ஆகிய அனைவரும் ஒரே அவையில் அமர்ந்தனர். ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்க ஆங்கிலமே இடைமொழியாய் நின்றது. ஆங்கிலம் அறியாத வாக்காளர், தம் உறுப்பினர் அவையில் என்ன பேசினார் என்பதை எங்ஙனம் அறிவார்? செய்தித்தாளில் ஆதித்தனார் கண்ட மொழியின் தொலைவு, சட்டமன்றத்திலும் இருந்தது. 1953ஆம் ஆண்டில் ஆந்திரம் பிரிந்தது. 1-11-1956 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அவ்வாண்டின் இறுதியில் தமிழை ஆட்சிமொழி ஆக்கும் சட்டம் சென்னைப் பேரவையில் நிறைவேறிற்று. மக்களின் மொழி மன்றத்தின் மொழியாகும் காலம் பிறந்தது.

எனினும், மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம் என்றே நின்றது. தமிழ்நாடு எனப் பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து, விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு மேற்கொண்டு 1956ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் உயிர் நீத்தார். அப்பெயருக்காகக் குரல் கொடுத்தவர் பலர். ஆதித்தனார் 1958ஆம் ஆண்டில் 'நாம் தமிழர்' இயக்கத்தைத் தோற்றுவித்தார். தமிழர்க்குத் தனிநாடு வேண்டும் என்று அவ்வியக்கம் முழங்கிற்று. 1960ஆம் ஆண்டு சூன் திங்களில், தமிழ்நாடு நீங்கலான இந்தியப் படத்தை எரிக்கும் கிளர்ச்சியில் அவ்வியக்கம் பெரியாரின் திராவிடர் கழகத்தோடு சேர்ந்து இறங்கிற்று. அக்கிளர்ச்சி நாட்டில் பெரும் சொற்போரை எழுப்பிற்று. 1963ஆம் ஆண்டில் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்திற்குப் போட்டியிடுவோரும் உறுப்பினர் ஆவோரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி கூறவேண்டும் என்ற விதி ஏற்பட்டது.

1967ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஆதித்தனார் தி. மு. கழகத்தோடு இணைந்து நின்று, திருவைகுண்டம் தொகுதியில் வென்றார். அண்ணாதுரை முதலமைச்சர் ஆனார். 17-3-1967 அன்று ஆதித்தனார் பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழாண்டுகளுக்கு முன் தெருவில் கிளர்ச்சி நடத்திய இயக்கத்தின் தலைவர், இப்பொழுது அரசமைப்பின்பால் உறுதி கூறி, அவையின் ஒழுங்கைக் காக்கும் இருக்கையில் அமர்ந்தார்.

பேரவைத் தலைவரின் இருக்கை விந்தையானது. ஆங்கிலத்தில் அப்பதவியைக் குறிக்கும் சொல்லுக்குப் 'பேசுபவர்' என்பது பொருள். ஆனால், அவையில் மிகக் குறைவாகப் பேச வேண்டியவர் அவரே. விவாதத்தில் அவர் ஒரு பக்கம் சாய்தல் ஆகாது. பொதுவாக அவர் வாக்களிப்பதும் இல்லை. இரு பக்கமும் வாக்குகள் சமமாய் நின்றால் மட்டுமே தம் வாக்கை அளிப்பார். ஆளுங்கட்சியின் பெரும்பான்மையால் பதவி பெற்றாலும், எதிர்க்கட்சியினர் பேசும் உரிமைக்கும் அவரே காவலர். நாள்தோறும் பல்லாயிரம் வீடுகளில் தம் கருத்தைக் கேட்கச் செய்யும் கருவியைப் படைத்த ஒருவர், பிறர் கருத்தைக் கேட்கச் செய்வதற்காகத் தாம் அடங்கியிருக்க வேண்டிய கடமையை ஏற்றார். ஒருவர் வாழ்வில் இவ்விரு நிலைகளும் நேர்வது அரிது.

அவர் தலைமை வகித்த காலத்தில் அவையின் நடவடிக்கைகளில் தமிழுக்குச் சிறப்பிடம் அமைந்தது. நாள்தோறும் ஒரு திருக்குறளைக் கூறி அவையைத் தொடங்கும் வழக்கம் அவர் காலத்தில் ஏற்பட்டதே. அவ்வவையில்தான் 18-7-1967 அன்று, மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றவேண்டும் என்னும் தீர்மானம் வந்தது. முதலமைச்சர் அண்ணாதுரை அதனைக் கொணர்ந்தார். கட்சி வேறுபாடின்றி அனைவரும் ஆதரிக்க, தீர்மானம் ஒருமனதாய் நிறைவேறிற்று. பின்னர் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றிற்று. 14-1-1969 முதல் 'தமிழ்நாடு' என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. படத்தை எரித்துப் பெற இயலாத பெயரை, அவையில் கை உயர்த்திப் பெற முடிந்தது. தெருவில் எழுந்த வேட்கையும் அவையில் நிறைவேறிய சட்டமும் ஒன்றுக்கொன்று தொடர்புடையனவே. ஆயினும், ஒரு வேட்கைக்கு அனைவரும் மதிக்கும் வடிவத்தைத் தருவது சட்டத்தின் வழியே என்பதை அந்நாள் உணர்த்திற்று.

அதே அவையில் 1967ஆம் ஆண்டின் இறுதியில் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. 23-1-1968 அன்று இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறிற்று. ஆதித்தனார் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் வரை பேரவைத் தலைவராய் இருந்தார். அண்ணாதுரை 1969ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தபின், மு. கருணாநிதி அமைத்த அமைச்சரவையில் ஆதித்தனார் கூட்டுறவுத் துறை அமைச்சர் ஆனார். சிறிய மூலதனம் உடைய பலர் ஒன்றுசேர்ந்து தமக்கு உதவிக்கொள்வதே கூட்டுறவு. சிறுதொழில் நூல்களை வெளியிட்டுத் தொடங்கிய வாழ்வு, சிறு உழவரும் சிறு தொழிலாளரும் சேர்ந்து இயங்கும் துறையைப் பேணும் பொறுப்பில் வந்து நின்றது.

கல்விக்கும் அவர் தொண்டு செய்தார். 1965ஆம் ஆண்டில் திருச்செந்தூரில் அவர் பெயரால் கல்லூரி ஒன்று தோன்றிற்று. உயர்கல்விக்காகத் திருச்சிக்கும் கடல் கடந்தும் செல்லவேண்டியிருந்த ஒருவர், தம் வட்டாரத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு அருகிலேயே கற்க வழிசெய்தார். 24-5-1981 அன்று ஆதித்தனார் இயற்கை எய்தினார். சென்னை எழும்பூரில் அவர் சிலை நிற்கின்றது; அருகில் உள்ள சாலை அவர் பெயரால் வழங்குகின்றது.

அவர் வாழ்வு ஒரு வினாவையும் எழுப்புகின்றது. செய்தித்தாளின் உரிமையாளர் அரசியலில் ஈடுபடுவது நன்றோ? தம் கட்சியின் வெற்றியைப் பெரிய எழுத்திலும் எதிர்க்கட்சியின் நியாயத்தைச் சிறிய எழுத்திலும் வெளியிடும் ஆசை அவருக்கு எழக்கூடும். தம்மைப் பற்றிய குறையைத் தாமே மறைக்கும் வாய்ப்பும் அவர் கையில் இருக்கும். இது குறிப்பிட்ட ஒருவர்மீது சுமத்தும் குற்றமன்று. இதழையும் அரசியலையும் ஒரே கையில் பிடிப்போர் எவர்க்கும் உள்ள இடர். மறுபக்கமும் உண்டு. நாள்தோறும் ஊரூராய் வரும் குறைகளைப் படிக்கும் ஒருவர், மக்களின் நிலையைப் பிறரினும் நன்கு அறிவார். அவ்வறிவு அவைக்கு வந்து சேர்வது நாட்டுக்கு நன்மையே. ஆகவே, இதற்குரிய காவல் உரிமையாளரின் மனச்சான்றில் மட்டும் இல்லை. வாசகரின் விழிப்பிலும் உள்ளது.

செய்தியைப் படிக்கும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இச்செய்தியைக் கூறுபவர் யார்? இதனால் அவருக்கு ஆகும் பயன் யாது? இதே நிகழ்ச்சியை மற்றோர் இதழ் எவ்வாறு கூறுகின்றது? இம்மூன்றையும் கேட்டுப் பழகியவரைப் பெரிய எழுத்துத் தலைப்பு ஏமாற்றாது; இனிய பேச்சும் மயக்காது. எளிய தமிழில் செய்தி வருவதனால் வரும் நன்மைகளுள் தலைசிறந்தது இதுவே. விளங்காத செய்தியை மனிதர் நம்பவோ அஞ்சவோ மட்டும் முடியும். விளங்கிய செய்தியை எடைபோடவும் முடியும்.

இக்காலத்தில் செய்தி கைப்பேசியின் வழியே நொடிப்பொழுதில் பறக்கின்றது. வழியின் தொலைவு பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால், அரசின் ஆணைகளும் வங்கியின் தாள்களும் நீதிமன்றத்தின் ஓலைகளும் அவற்றுக்கு உரியவர்க்கே விளங்காத நடையில் இன்றும் எழுதப்படுகின்றன. மொழியின் தொலைவு முற்றும் நீங்கவில்லை. கற்றவர் ஒருவர் எழுதும் ஒவ்வொரு தொடரும் அத்தொலைவைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரையும் மனத்தில் நிறுத்தி எழுதுதல் மொழிக்கு இழுக்கன்று. அவரும் இந்நாட்டை ஆள்பவருள் ஒருவர் என்பதை ஏற்கும் நேர்மையாகும்.